பழைய ஃபிளாட்டை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விடுவது: கடன், மராமத்து, வரி

கேள்வி சுருக்கமாக இது: சென்னையில் 20 வருடப் பழைய ஃபிளாட் ஒன்று, இரண்டு படுக்கையறை, 60 லட்சத்துக்கு வருகிறது. கையில் 27 லட்சம் இருக்கிறது. 45 லட்சம் வீட்டுக்கடன் வாங்கி, ஆறு லட்சத்தில் புதுப்பித்து, மாதம் 18,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட யோசனை. கேட்பவருக்கு ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். "வட்டியைக் காட்டினால் சம்பளத்தில் வரி மிச்சமாகும், புதுப்பிக்கிற செலவையும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா? மனைவி பெயரில் வாங்கினால் இன்னும் நல்லதா?"

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது எனக்கே இரண்டு வீடு வாடகைக்கு ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் கேள்விப்பட்டதில் முதலாவது பாதியளவுதான் சரி, இரண்டாவது தப்பு. மூன்றாவது, பணம் யாருடையது என்பதைப் பொறுத்தது.

முதலில் வரியை மறந்துவிட்டு வெறும் பணத்தைப் பார்ப்போம். விலை 60 லட்சம். தமிழ்நாட்டில் பழைய ஃபிளாட் மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. விலை, வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) இரண்டில் எது அதிகமோ அதன் மேல். விலைதான் அதிகம் என்று வைத்தால் 5.4 லட்சம். மராமத்து 6 லட்சம். மொத்தம் 71.4 லட்சம் உள்ளே போகிறது, வருடத்துக்கு 2,16,000 ரூபாய் வெளியே வருகிறது. நூற்றுக்கு மூன்று ரூபாய். கடனுக்கு நீங்கள் கொடுக்கப்போவது, பேச்சுக்கு 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 வருடக் கடனுக்கு இ.எம்.ஐ. கிட்டத்தட்ட 39,050 ரூபாய். வாடகை 18,000. மீதி 21,000 மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து. வீடு காலியாக இருக்கும் மாதம் முழுசாக 39,050.

இதில் தவறொன்றும் இல்லை, பலரும் இப்படித்தான் சொத்து சேர்க்கிறார்கள். ஆனால் இது வாடகையில் சம்பாதிக்கும் முதலீடு இல்லை, விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மாதம் 21,000 கட்டும் சீட்டு மாதிரி. அந்த நம்பிக்கை நிலத்தின் மேல்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் கட்டடம் வருடா வருடம் தேய்கிறது. அதனால்தான் பழைய ஃபிளாட்டில் சதுர அடி விலையைவிட யு.டி.எஸ்., அதாவது பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்பதை முதலில் கேட்கச் சொல்கிறேன். ஒரே தெருவில் ஒரே அளவு ஃபிளாட் இரண்டு இருக்கும். ஒன்றில் யு.டி.எஸ். மற்றதைப்போல ஒன்றரை மடங்கு. தரகர் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வார்.

சரி, கடன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 60 லட்சத்துக்கு 48 வரை தரலாம். பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். பல பேர் இடறி விழுவது இங்கேதான். முன்பணம் 12 லட்சம் போதும் என்று நினைத்து வருவார்கள், பதிவுக்கு முந்தைய வாரம் அஞ்சரை லட்சத்துக்குத் தனிநபர் கடன் தேடி அலைவார்கள். உங்களிடம் 27 லட்சம் இருக்கிறது. 15 முன்பணம், 5.4 பத்திரம், 6 மராமத்து போனால் அறுபதாயிரம் மிஞ்சும். தரகர் கமிஷனுக்கே அது பத்தாது, மூன்று மாத இ.எம்.ஐ.யாவது தனியாக இருக்க வேண்டும். அதனால் மராமத்துக்கும் கொஞ்சம் கடன் வாங்குவது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வங்கி பழைய கட்டடத்துக்கு இன்னொன்றையும் பார்க்கும்: மிச்ச ஆயுள். மதிப்பீட்டாளர் கட்டடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று எழுதுகிறாரோ, அதற்குள் கடன் முடிய வேண்டும் என்பார்கள். 20 வருடம் கேட்டால் 15 தருவார்கள், இ.எம்.ஐ. ஏறிவிடும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வட்டி மாறும் விகிதத்திலேயே வாங்குங்கள். தனிநபர் வாங்கும் மாறும் விகித வீட்டுக்கடனை முன்னதாக அடைத்தால் அபராதம் கிடையாது, கையில் பணம் வரும்போதெல்லாம் கட்டலாம். அப்புறம், வங்கியின் வழக்கறிஞர் பத்திரம் பார்த்துவிட்டார் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், திட்ட அனுமதி வரைபடம் மூன்றையும் உங்கள் செலவில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது, அரைமணி வேலை.

விற்பவர் "கொஞ்சம் ரொக்கமா கொடுத்துடுங்க, பத்திரத்தில் குறைச்சுப் போட்டுக்கலாம்" என்பார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது அவர் தலைவலி. உங்கள் தலைவலி வேறு: பத்திரத்தில் ஏறாத பணம், நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலையிலும் ஏறாது. அவர் இன்று மிச்சப்படுத்தும் வரியை நாளைக்கு நீங்கள் கட்டுவீர்கள்.

இன்னொரு விஷயம், விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ்., அதாவது விற்பவர் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு 60,000 ரூபாய். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வருமான வரித்துறை இணையதளம் வழியே கட்டலாம். கடன் தொகைக்கு வங்கி விற்பவர் பெயரில் நேரடியாகக் காசோலை தந்துவிடும். அதனால் இந்த 60,000-ஐ உங்கள் 15 லட்சத்தில்தான் பிடிக்க முடியும். பதிவு நாளன்று அவசரத்தில் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, மறுவாரம் "சார், அந்த அறுபதாயிரத்தைத் திருப்பித் தர முடியுமா" என்று விற்றவருக்குப் போன் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 1 சதவீதம் என்ற கணக்கே கிடையாது, 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. விகிதம் பல மடங்கு. அப்போது ஆடிட்டர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்போது வரி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால் எண் சொல்லாமல் கணக்கை மட்டும் சொல்கிறேன். வீட்டு வாடகைக்கான கணக்கு முறை பழையதேதான்.

வருட வாடகை 2,16,000. அதில் நீங்கள் அந்த வருடம் உண்மையில் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம். 6,000 என்று வைப்போம். மீதி 2,10,000. இதில் 30 சதவீதம், அதாவது 63,000, கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுவார்கள். பில் கேட்க மாட்டார்கள். மிச்சம் 1,47,000. இதிலிருந்து கடன் வட்டி கழியும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டிக் கழிவில் உச்சவரம்பு இல்லை. 2 லட்சம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு. 45 லட்சத்துக்கு முதல் வருட வட்டி சுமார் 3,79,000. ஆக 2,32,000 நஷ்டம்.

அந்த 30 சதவீதத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒளிந்திருக்கிறது. பராமரிப்பு, பழுது பார்ப்பு, வெள்ளையடிப்பு, தரகர் கமிஷன், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 30 சதவீதம். ஒரு ரூபாய் செலவு செய்யாதவருக்கும் 63,000, ஆறு லட்சம் செலவு செய்தவருக்கும் அதே 63,000. மராமத்துச் செலவை வாடகையில் தனியாகக் கழிக்க வழியே இல்லை. 'வியாபார வருமானம் என்று காட்டினால் எல்லாச் செலவையும் கழிக்கலாமே' என்று சிலர் யோசனை சொல்வார்கள். குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டு வருவதை வியாபார வருமானமாகக் காட்டக்கூடாது என்று 2024 பட்ஜெட்டிலேயே கதவை அடைத்துவிட்டார்கள்.

2,32,000 நஷ்டம் என்ன ஆகும்? வருமான வரிக்கு இரண்டு முறை உண்டு, ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம்: கழிவுகள் அதிகம் உள்ள பழைய முறை, கழிவும் விகிதமும் குறைந்த புதிய முறை. பழைய வரி முறையில் இருந்தால் இந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழியும். மீதி 32,000-ஐ எட்டு வருடம் வரை முன்னே கொண்டுபோய், பின்னால் வரும் வீட்டு வருமானத்தில் மட்டும் ஈடுகட்டலாம். புதிய முறையில் இருந்தால் சம்பளத்தில் ஒரு பைசா கழியாது. வட்டி, வாடகை வருமானமான 1,47,000-ஐப் பூஜ்யமாக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது.

அப்படியானால் பழைய முறைக்குப் போய்விடலாமே என்று தோன்றும். 2025-26 நிதியாண்டு விகிதங்களில் உங்கள் சம்பளத்துக்கே போட்டுப் பார்த்தேன். புதிய முறையில் 18 லட்சத்தில் 75,000 நிலையான கழிவு போக 17.25 லட்சம். வரி, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 1,50,800. பழைய முறையில் 50,000 நிலையான கழிவு, 2 லட்சம் வீட்டு நஷ்டம், 1.5 லட்சம் சேமிப்பு (கடனின் அசல், வாங்கிய வருடம் பத்திரச் செலவு எல்லாம் இதற்குள்ளேயே அடங்கும்), மருத்துவக் காப்பீடு 25,000, இவ்வளவும் கழித்தால் 13.75 லட்சம். வரி 2,34,000. வீட்டு நஷ்டத்தைக் கழித்த பிறகும் பழைய முறை 83,000 ரூபாய் அதிகம்!

நீங்கள் வாடகை வீட்டில் குடியிருந்து, வீட்டு வாடகைப்படி விலக்கு 3 லட்சம் கிடைக்கிறது என்றால் மட்டும் கதை மாறும். வருமானம் 10.75 லட்சமாகி வரி 1,40,400-க்கு வருகிறது. அப்போது பழைய முறை பத்தாயிரம் ரூபாய் லாபம். சொந்த ஃபிளாட்டை ஒரு பக்கம் வாடகைக்கு விட்டுவிட்டு இன்னொரு பக்கம் வாடகைக்கு இருப்பதில் சட்டச் சிக்கல் இல்லை, இரண்டையும் காட்டலாம். ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்காக 60 லட்சம் முடிவை யாரும் எடுக்கக்கூடாது. சம்பளம் குறைந்தாலோ கூடினாலோ இந்தக் கணக்கு புரண்டுவிடும், அதனால் உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

புதிய முறையில் இருப்பவர்களுக்குக் கடன் அளவைப் பற்றி ஒரு கணக்கு உண்டு, அதிகம் பேர் போடுவதில்லை. உங்களுக்கு வரியில் உதவும் வட்டி வருடம் 1,47,000 மட்டும்தான். 8.5 சதவீதத்தில் அது சுமார் 17 லட்சம் கடனுக்கான வட்டி. அதற்கு மேல் இருக்கும் 28 லட்சம் கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டிக்கு வரியில் எந்த உதவியும் இல்லை, முழு 8.5-ஐயும் கைக்காசாகத்தான் கட்டுகிறீர்கள். 'வரிச் சலுகை இருக்கிறது, கடனை அவசரப்பட்டு அடைக்காதே' என்ற அறிவுரை பழைய காலத்துக்கு. இப்போது போனஸ் வந்தால் கடன் 17 லட்சத்துக்கு இறங்கும்வரை யோசிக்காமல் கட்டலாம். அதற்குக் கீழே வந்த பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

மராமத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. வாடகைக்கு விடும் வீட்டை நமக்குப் பிடித்த மாதிரி செய்யக்கூடாது, தண்ணீருக்குப் பிடிக்காத மாதிரி செய்ய வேண்டும். 20 வருடக் கட்டடத்தில் எல்லாத் தொல்லையும் தண்ணீரில்தான் ஆரம்பிக்கும். பார்க்கப் போகும்போது ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு போங்கள். குளியலறைச் சுவர் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் பரவாயில்லை. 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் டைல்ஸ் சுவரை விட்டுவிட்டது, பின்னால் தண்ணீர் போகலாம். அடுத்து அண்ணாந்து பாருங்கள். மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே கூரையில் மஞ்சள் வளையம் தெரிகிறதா? புதுப் பெயிண்ட் அந்த ஓரிடத்தில் மட்டும் அடித்திருக்கிறார்களா? காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அது பெயிண்ட் வேலை இல்லை, கட்டமைப்புப் பொறியாளர் வேலை. அந்தச் செலவு உங்கள் ஆறு லட்சத்தில் அடங்காது, விலையில் பேச வேண்டிய விஷயம்.

வேலையை ஆரம்பித்தால் வரிசை முக்கியம். குளியலறை நீர்க்கசிவுத் தடுப்பு, பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய், வயரிங், எர்த், கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர். இவை முடிந்த பிறகுதான் தரை, பெயிண்ட். நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் கொத்தனார் உடனே டைல்ஸ் ஒட்டப் பார்ப்பார். விடாதீர்கள். கழிவுநீர் ஓட்டையைத் துணி வைத்து அடைத்து, தரை முழுக்க நாலு விரல் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டு, கீழ்வீட்டுக்காரர் அனுமதியோடு அவர் கூரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த இரண்டு நாளுக்கு மேஸ்திரி முணுமுணுப்பார். டைல்ஸ் ஒட்டி ஆறு மாதம் கழித்துக் கசிந்தால், டைல்ஸையும் உடைத்து, கீழ்வீட்டு பெயிண்டுக்கும் நீங்கள் பணம் கொடுத்து, குடியிருப்பவரிடமும் பேச்சு வாங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங், அலங்கார விளக்கு எல்லாம் வேண்டாம். 18,000 வாடகை 19,000 ஆகாது. அலமாரி கட்டாயம் வேண்டும், சமையலறையில் கழுவும் தொட்டிக்குக் கீழே மட்டும் மரப்பலகை போடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும்.

இந்த ஆறு லட்சத்துக்குக் கடன் வாங்கலாமா என்றால், வாங்கலாம். வாடகைக்கு விட்ட வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டியும், வாங்கும்போது எடுத்த கடன் வட்டி மாதிரியே, உச்சவரம்பு இல்லாமல் வாடகையில் கழியும். வங்கியில் வீடு புதுப்பிப்புக் கடன் என்றே இருக்கிறது, பொறியாளரின் மதிப்பீட்டை வாங்கிக்கொண்டு தருவார்கள். தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கி வட்டி கொடுத்தாலும் கழியும், அவருடைய பான் எண்ணும் எழுத்தில் சான்றும் வேண்டும். ஆனால் இந்தக் கடனின் அசலுக்கு 1.5 லட்சம் சேமிப்புக் கழிவு கிடையாது, வாங்குவதற்கும் கட்டுவதற்கும் எடுத்த கடனின் அசலுக்குத்தான் அது. டாப்-அப் கடன், அதாவது இருக்கும் வீட்டுக்கடன் மேல் கூடுதல் கடன் எடுத்தால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பணம் எங்கே போனது என்று காட்ட முடிய வேண்டும். டாப்-அப் சம்பளக் கணக்கில் விழுந்து, அதிலிருந்து பள்ளிக் கட்டணமும் மேஸ்திரி பணமும் கலந்து போனால் எதற்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. தனிக் கணக்கு ஒன்றில் போட்டு, அதிலிருந்து மட்டும் மராமத்துக்குக் கொடுங்கள். மேஸ்திரிக்கும் வங்கி வழியாகவே. உங்கள் கணக்கில் புதிய முறை என்றால் இந்த வட்டியால் பலனே இல்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கும், ஏற்கெனவே 2,32,000 உபரி நிற்கிறது. கையில் இருப்பு குறைவு என்பதற்காக வாங்குங்கள், வரிக்காக வேண்டாம்.

மராமத்துச் செலவு வாடகையில் கழியாது என்றேன். அது வீணாகவில்லை, விற்கும்போது வரும். வீட்டின் தரத்தையே உயர்த்தும் வேலையை 'மேம்பாட்டுச் செலவு' என்று வாங்கிய விலையோடு சேர்க்கலாம். குழாய், வயரிங் முழுவதையும் மாற்றியது, அறை சேர்த்தது போன்றவை அந்தப் பக்கம். வெள்ளையடித்தது, ஒழுகும் குழாயை அடைத்தது இந்தப் பக்கம், சேராது. கழற்றி எடுத்துப்போகக்கூடிய ஏசி, ஃபேன் சேராது. நடுவில் இருப்பவற்றை உங்கள் ஆடிட்டர் பில்லைப் பார்த்துவிட்டுச் சொல்வார். பில் இருந்தால்.

இங்கே என் கதை. முதல் வீட்டுக்கு டைல்ஸ், குழாய், வயர் எல்லாம் நானே அலைந்து வாங்கினேன். ஒவ்வொரு பில்லையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காகப் போட்டு வைத்தேன். ஏழு வருடம் கழித்து எடுத்தால், பாதி காகிதம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கடையில் சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்புக் காகிதத்தில் எழுத்து மறைந்துவிட்டது. மீதியில் சில 'எஸ்டிமேட்' என்று மேலே போட்ட துண்டுச் சீட்டு, ஜி.எஸ்.டி. எண் இல்லை, கடைப் பெயர்கூட இல்லை. உறையை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்! இரண்டாவது வீட்டில் அன்றன்றைக்கே போனில் படம் எடுத்து, பில்லில் என் பெயரும் வீட்டு முகவரியும் எழுதச் சொல்லி, ஜி.எஸ்.டி. பில்லாகவே வாங்கினேன். 18 சதவீத வரி கண்ணை உறுத்தும்தான். குழாய், வயரிங் பொருளுக்குக் கடைக்காரர் 'பில் இல்லாமல் குறைச்சுத் தரேன்' என்றால், அந்தக் குறைப்பை, வீட்டை விற்கும்போது ஆதாய வரியில் மிச்சமாகும் 12.5 சதவீதத்தோடு ஒப்பிட்டு, நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். பில் இல்லாத டைல்ஸ் உடைந்து வந்தால் திருப்பியும் எடுக்க மாட்டார்கள், பில்லோடுதான் வாங்க வேண்டும்.

விற்பனைக் கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 சதவீதம். பணவீக்கச் சரிக்கட்டு, அதாவது விலைவாசி ஏறிய அளவுக்கு வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடுவது, கிடையாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர்களுக்கு மட்டும் சரிக்கட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்ட இடம் இருக்கிறது. நீங்கள் இப்போது வாங்குவதால் அது உங்களுக்கு இல்லை. எட்டு வருடம் கழித்து 90 லட்சத்துக்கு விற்பதாக வைப்போம். வாங்கியது 60, பத்திரம் 5.4, மேம்பாடு 4, மொத்தம் 69.4. ஆதாயம் 20.6 லட்சம், வரி செஸ் சேர்த்து சுமார் 2.68 லட்சம். அந்த 4 லட்சத்துக்கு பில் இல்லையென்றால் 52,000 கூடுதல். சரிக்கட்டு போன பிறகும் பில்களுக்கு மதிப்பு இருக்கிறது. கட்டிய வட்டியை வாங்கிய விலையோடு சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வாடகையில் ஏற்கெனவே கழித்த வட்டியை மறுபடி விலையில் சேர்ப்பதை 2023-லேயே தடுத்துவிட்டார்கள்.

இன்னொரு குடியிருப்பு வீடு, விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், ஆதாய வரி விலக்கு இருக்கிறது. வீடு வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் அதற்கென்று இருக்கும் பத்திரங்களில் 50 லட்சம் வரை ஐந்து வருடம் முடக்கலாம். அது அன்றைய கவலை. பழைய முறையில் அசலுக்குச் சேமிப்புக் கழிவு எடுத்திருந்தால், வீட்டைச் சுவாதீனம் எடுத்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்காதீர்கள். எடுத்த கழிவு எல்லாம் வருமானமாகத் திரும்பி வரும்.

மனைவி பெயர். அவர் சம்பாதிப்பவராக இருந்து, அவர் பணமும் போனால், இரண்டு பேர் பெயரிலும் பத்திரம், இரண்டு பேரும் கடனில், இ.எம்.ஐ. இரண்டு பேர் கணக்கிலிருந்தும் என்று செய்யுங்கள். போட்ட பணத்தின் விகிதத்தையே பத்திரத்தில் பங்காக எழுதிவிடுங்கள். வாடகையும் வட்டியும் பங்குப்படி பிரியும், பழைய முறையில் அந்த 2 லட்சம் வரம்பும் ஆளுக்கொன்று. கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாதவருக்கு வட்டிக் கழிவு கிடையாது, இதை வங்கியில் சொல்ல மாட்டார்கள். பணம் முழுக்க உங்களுடையது, பெயர் மட்டும் அவருடையது என்றால் வாடகை உங்கள் வருமானத்தோடுதான் சேர்த்துக் கணக்கிடப்படும். வரியில் பலன் இல்லை. குடும்பத்தில் வேறு காரணம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

குடி வைக்கும்போது எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம் அதைக் கேட்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். சென்னை மாநகராட்சிச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. மார்ச் முடிவதற்குள் கட்டினால்தான் அந்த வருட வாடகையில் கழியும், பாக்கி வைத்தால் கட்டிய வருடத்தில்தான். கடன் குறையக் குறைய ஒருநாள் வாடகையில் வரி விழ ஆரம்பிக்கும். சம்பளத்தில் பிடிப்பதைத் தாண்டி 10,000 அல்லது அதற்கு மேல் வரி வந்தால் முன்வரி, அதாவது வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி, கட்ட வேண்டும், அந்த வருமானத்தை அலுவலகத்தில் சொல்லிவிட்டால் அவர்களே சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் பழைய கிரயப் பத்திர நகலை வாங்கி, யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று பாருங்கள். பக்கத்துக் காலி மனை என்ன விலைக்குப் போகிறது என்பதையும் விசாரித்து எழுதுங்கள். 60 லட்சத்தில் நிலம் எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.